புதிய பதிப்பும் எங்கள் நாற்பது பக்க நோட்டும்

நீளமான பதிவு. ஆய்வேட்டைப் பற்றியதன்று, ஒரு விளையாட்டைப் பற்றியது. எனினும் என் துறைக்கும் இதற்கும் தொடர்பே இல்லையென்று சொல்லிவிட முடியாததால் இங்கேயே எழுதுகிறேன்.

சாந்த்ராகாச்சி ஏரியை ஒட்டிய தெருவொன்றில், நண்பர் ஒருவர் வாடகைக்கு இருக்கும் இரண்டாம் மாடி வீட்டில், நான்கு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் அறுவர் கூடி 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடி வருகிறோம். அறியாதவர்க்காக ஓரிரு வரி. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தராக இருந்து, பேசியும் முடிவெடுத்தும் கதையை நகர்த்துவர். ஒரு செயல் கைகூடுமா கூடாதா என்ற ஐயம் எழும் இடத்தில் இருபது முகங்கொண்ட பகடையை உருட்டுவர். பலகை கட்டாயமில்லை, வென்றவர் தோற்றவர் என்றும் எவருமில்லை. விதிநூல் மட்டும் உண்டு, முந்நூறு பக்கங்களுக்கு மேல்.

நாங்கள் ஆடுவது 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. விளையாட்டு தோன்றிய ஐம்பதாம் ஆண்டான 2024இல், செப்டம்பரில் ஆட்டக்காரர் கையேடும் நவம்பரில் கதை நடத்துநர் கையேடும் திருத்தப்பட்டு வெளிவந்தன. அரக்கர்கள் பற்றிய மூன்றாம் நூல் 2025 பிப்ரவரியில் வந்தது. பூஜை விடுமுறைக்குப் பின் புதிய பதிப்புக்கு மாறுவதென்று எங்கள் மேசையில் முடிவாகிவிட்டது. மாறுவதில் எனக்கு மறுப்பில்லை. வழக்கு முழுவதும் நோட்டைப் பற்றியது.

அந்த நோட்டு, நாற்பது பக்கக் கோடு போட்ட பள்ளி நோட்டு. நான்கு ஆண்டுகளில் நாங்களாக ஏற்படுத்திக்கொண்ட வீட்டு விதிகள் எல்லாம் அதில் உள்ளன. சில விதிகள் ஆங்கிலத்தில், சில வங்காளத்தில். இரண்டை நான் தமிழிலேயே எழுதிவிட்டு வாய்மொழியாக விளக்கியிருக்கிறேன். கதை நடத்தும் நண்பர் சென்ற வாரம் அந்த நோட்டை மேசைமேல் வைத்து, "இதை மூடிவிடுவோம். ஆறு மாதம் புத்தகத்தில் உள்ளபடியே ஆடுவோம். எது குறைகிறதென்று பிறகு தெரியும்" என்றார். நால்வர் தலையசைத்தனர். நான் தலையசைக்கவில்லை. ஐந்தாமவரும் அசைக்கவில்லை, அவரைப் பற்றிப் பின்னர்.

நண்பரின் வாதத்தில் நியாயம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு விதி என்பது பெரும்பாலும் ஏதோவொரு குறைக்குப் போட்ட ஒட்டு. துணியே மாறும்போது பழைய ஒட்டைக் கிழித்துப் புதுத் துணியில் தைப்பது அறிவுடைமையன்று. மேலும், புதிதாக ஒருவர் மேசைக்கு வந்தால் அவர் கடையில் வாங்கிப் படித்த நூலும் எங்கள் நோட்டும் முரண்படும். அவருக்கு முதல் நாளே நாங்கள் அந்நியராவோம். இவை இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தெந்த ஒட்டு எந்தெந்தக் கிழிசலுக்காகப் போடப்பட்டது என்று பாராமலே எல்லாவற்றையும் ஒருசேர மூடிவைப்பது, நூலுக்கு நாம் தரும் மரியாதையும் அன்று, சோம்பல்.

எனக்கு வீட்டு விதி அறிமுகமானது பாளையங்கோட்டையில், ஆச்சி வீட்டுத் திண்ணையில். சுண்ணாம்புக்கட்டியால் கட்டம் வரைந்து தாயம் ஆடுவோம். எங்கள் வீட்டில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். எதிர் வீட்டில் ஐந்து விழுந்தாலும் இறக்கலாம். தெருமுனை வீட்டில், எதிராளியின் காயை ஒன்றாவது வெட்டியிருந்தால்தான் உள்கட்டத்துக்குள் நுழைந்து பழம் எடுக்க முடியும். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே திண்ணையில் சேர்ந்துவிட்டால் முதல் கால்மணி நேரம் ஆட்டமே நடக்காது; எந்த வீட்டுத் தாயம் ஆடுவது என்ற பஞ்சாயத்துத்தான். அந்தப் பஞ்சாயத்தில் ஒருநாளும் "புத்தகத்தில் என்ன இருக்கிறது?" என்று எவரும் கேட்டதில்லை. புத்தகம் இருந்தால்தானே! ஆச்சியின் தீர்ப்பே இறுதியானது. அவரோ, அன்று யார் வீட்டு விருந்தாளி அதிகமோ அவர்கள் விதிக்கே பெரும்பாலும் இணங்குவார்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குப் புத்தகம் உண்டு. ஆனால் அந்தப் புத்தகம் எங்கிருந்து வந்தது? கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் 'செயின்மெயில்' என்ற பெயரில், பொம்மைப் படைகளை வைத்து ஆடும் இடைக்காலப் போர் விளையாட்டுக்கு விதிகள் வெளியிட்டனர். மின்னசோட்டாவில் டேவ் ஆர்னசன் தம் நண்பர்களுடன் 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டில் ஆட அந்த விதிகளை எடுத்துக்கொண்டு, போதாதவற்றைத் தாமே வெட்டியும் ஒட்டியும் மாற்றினார். படைக்குப் பதில் தனி ஆள், ஒருநாள் போருக்குப் பதில் வாரந்தோறும் வளரும் கதை. அந்த ஒட்டுவேலைதான் 1974இல் அச்சேறிய விளையாட்டின் கரு. வீட்டு விதி புத்தகமானது. அந்தப் புத்தகத்தின்மேல் ஊர்தோறும் மீண்டும் வீட்டு விதிகள் முளைத்தன. 1977 முதல் 1979 வரை கைகாக்ஸ் 'மேம்பட்ட' பதிப்பை மூன்று தடித்த நூல்களாக வெளியிட்டபோது அவர் குரல் மாறியிருந்தது. போட்டிகள் நடத்த வேண்டியிருந்தது. ஆகவே எல்லா மேசையிலும் ஒரே ஆட்டம் நடக்க வேண்டும் என்று விரும்பினார். மேசைகள் அவர் பேச்சைக் கேட்டனவா என்பது வேறு.

மொழியியல் படித்தவருக்கு இந்தக் காட்சி புதிதன்று. வழக்கைக் கண்டே இலக்கணம் எழுதப்படுகிறது என்பது நம் மரபின் பழைய கருத்து. நன்னூலார் இயல்பு வழக்கை மூன்றாகப் பகுத்தபோது, இலக்கணமுடையதற்குப் பக்கத்திலேயே இலக்கணப்போலிக்கும் மரூஉவுக்கும் இடம் கொடுத்தார். 'இல்முன்' என்பது 'முன்றில்' எனத் தலைமாறி நின்றதைப் பிழையென்று தள்ளவில்லை. 'தஞ்சாவூர்' 'தஞ்சை' ஆனதையும் தள்ளவில்லை. சான்றோர் நாவில் நெடுநாள் நின்றது என்பதே அவற்றுக்குத் தகுதி. எங்கள் நோட்டுக்கு நான் கேட்பதும் இந்தத் தகுதியைத்தான், அதற்குமேல் ஒன்றுமில்லை.

ஊர் விதியோடு வாழ்ந்தவர் அச்சு விதிக்கு மாறிய கதை இந்தக் கொல்கத்தாவிலேயே ஒன்று உண்டு. விளையாட்டு வேறு, சதுரங்கம். ஆனால் எனக்கு இதைவிடப் பொருத்தமான சான்று தெரியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியச் சதுரங்கமும் ஐரோப்பியச் சதுரங்கமும் ஒன்றல்ல. இங்கே சிப்பாய் தொடக்கத்திலும் ஓரடிதான் வைக்கும், இரண்டடி பாயாது. கோட்டை கட்டுதல் இல்லை. அதற்குப் பதில் ராஜா ஒரே ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம். கடைசி வரிசையை அடைந்த சிப்பாய் எந்தக் காயாக மாறும் என்பதும் ஊருக்கு ஊர் வேறு. (காய்களின் பெயர்களே வேறு என்பதைச் சொல்லவா வேண்டும்? நாம் யானை என்பதை வங்காளிகள் படகு என்பர். நாம் மந்திரி என்பதை அவர்கள் கஜம், அதாவது யானை என்பர். இங்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுச் சிறுவனோடு ஆடி, யானை எதுவென்ற குழப்பத்திலேயே ஓர் ஆட்டம் தோற்றேன்.) 1814இல் பம்பாயில் ஒரு சதுரங்க நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சமஸ்கிருதத்திலிருந்து பெயர்க்கப்பட்டது, எழுதியவர் திருவேங்கடாசாரிய சாஸ்திரி. பெயரிலேயே தென்னாட்டு வைணவ மணம். அந்நூலின் நீண்ட தலைப்பில், ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்ப அமைக்கப்பட்டது என்ற குறிப்பும் இருக்கிறது. புதிய பதிப்பு வருமுன் வீட்டு விதியைத் திருத்தி எழுதும் வேலையை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்திருக்கிறார் என்று நான் சொன்னபோது எங்கள் மேசையில் சிரித்தார்கள்.

அடுத்தவர்தான் எனக்கு வேண்டியவர். மகேஷ் சந்திர பந்தோபாத்யாய். ஆங்கிலேயர் குறிப்புகளில் மொஹிஷ்சந்தர் பானர்ஜி. வங்காளத்தின் உள்நாட்டுப் பகுதியில் தோல்வியறியாதவர் என்று பேர்பெற்ற அவரைக் கொல்கத்தாச் சதுரங்க வட்டத்தைச் சேர்ந்த ஆங்கிலேயர் ஒருவர் 1848 வாக்கில் கண்டு, நகருக்கு வரச் செய்தார். நகரில் அப்போது எவராலும் எளிதில் வெல்ல முடியாதவராக இருந்தவர் ஜான் கோக்ரேன் என்ற பாரிஸ்டர். மகேஷ் சந்திரருக்கு ஐரோப்பிய விதிகள் அரைகுறையாகத்தான் தெரியும். கோக்ரேனோடு ஆட அந்த விதிகளைக் கற்றுக்கொண்டார். பின்னர் இருவரும் ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினர்.

மகேஷ் சந்திரர் ஊர் விதிகளை விட்டுவிட்டார். கோக்ரேனிடம் "என் ஊரில் சிப்பாய் ஓரடிதான் வைக்கும்" என்று வாதாடியதாக எங்கும் இல்லை. ஆனால் அந்த ஓரடி விதியில் ஆடிப் பழகிய கை எப்படி ஆடுமோ அப்படியே ஆடினார். சிப்பாய் மெல்ல நகரும் ஆட்டத்தில் நடுக்கட்டங்களை உடனே பிடிக்க முடியாது. ஆகவே ஓரத்துச் சிப்பாயை ஓரடி உயர்த்தி, மந்திரியை அந்த மூலையில் நிறுத்தி, தொலைவிலிருந்தே நடுவைக் குறிவைப்பது இங்கத்திய பழக்கம். அச்சு விதிகளுக்குள் நின்றுகொண்டே அவர் அதைச் செய்தார். நடுவைச் சிப்பாய்களால் நிரப்புவதே முறை என்று நம்பிய அக்கால ஐரோப்பியர்க்கு அது விந்தையாகத்தான் தோன்றியிருக்கும். 1855இல் அவர் கோக்ரேனோடு ஆடிய ஓர் ஆட்டம், 1922இல் வியன்னாக்காரர் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட் புகழ்பெறச் செய்த தடுப்பாட்டத்தின் முதல் பதிவாக இன்று கருதப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் அந்தவகைத் தொடக்கங்களுக்கு 'இந்திய' என்ற அடைமொழியும் ஒட்டிக்கொண்டது. விதி போனது, விதி வளர்த்த கை போகவில்லை. கடியாஹாட் மேம்பாலத்துக்கு அடியில் மாலைநேரங்களில் பலகை விரித்து அமர்ந்திருப்பவர்களைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

இதைச் சொல்லி நோட்டைத் திறந்தேன். ஒவ்வொரு விதியாகப் படித்து, இது எதற்காக வந்தது என்று மட்டும் கேட்டுக்கொண்டு போவோம் என்றேன். நண்பர் இசைந்தார். அந்த ஞாயிறு ஆட்டம் நடக்கவில்லை.

முதல் விதி மருந்துக் குப்பி. 2014 நூலின்படி, சண்டையில் ஒருவர் குணமருந்து குடித்தால் அந்த முறைக்கான முழுச் செயலும் அதிலேயே தீர்ந்துவிடும். வாளை வீச முடியாது. ஆகவே எவரும் குடிப்பதில்லை. சாகும் வரை குப்பியைப் பையில் வைத்திருந்து சாவார்கள். உலகெங்கும் எண்ணற்ற மேசைகள் இதைத் துணைச் செயலாக மாற்றிக்கொண்டன, நாங்களும். 2024 நூல் அதையே விதியாக்கிவிட்டது. இது மரூஉ வகை. நன்றியோடு அடித்துவிட்டோம்.

இரண்டாவது எனக்குச் சங்கடமானது. இருபது விழுந்தால் எச்செயலும் வெற்றி என்று எழுதியிருந்தோம். உண்மையில் நாங்கள் அதை வீட்டு விதியென்று நினைத்தே எழுதவில்லை. நூலில் இருப்பதை நினைவுக்குக் குறித்துக்கொண்டதாகவே எண்ணியிருந்தோம். நூலிலோ அது தாக்குதலுக்கு மட்டுமே உரியது. பூட்டைத் திறப்பதற்கோ பொய் சொல்வதற்கோ பொருந்தாது. இரண்டு ஆண்டுகள் தவறாகப் படித்து ஆடியிருக்கிறோம். இந்தத் தவறான வாசிப்பு எவ்வளவு பரவலானதென்றால், 2022 ஆகஸ்டில் புதிய பதிப்புக்கான சோதனை விதிகளில் பதிப்பகமே இதை விதியாக்கிப் பார்த்து, பிறகு கைவிட்டது. நான் அடிக்கச் சொன்னேன். ஐந்துக்கு ஒன்றென்று தோற்றேன். இருபது விழும்போது மேசையில் எழும் கூச்சலை எந்த இலக்கணத்தாலும் வெல்ல முடியாது போலும்.

மூன்றாவது விதியில்தான் நண்பரின் 'பழைய ஒட்டு' வாதம் உண்மையிலேயே பலித்தது. உயிர்ப்புள்ளி பூச்சியமாகி விழுந்தவரைச் சிறு மந்திரம் ஒன்றால் எழுப்புவது, மறுநொடி அவர் மீண்டும் விழுவது, மீண்டும் எழுப்புவது. சாவு கேலிக்கூத்தாகிவிடும். இதைத் தடுக்க, ஒவ்வொரு முறை விழும்போதும் சோர்வு ஒரு படி ஏறும் என்று விதித்திருந்தோம். பழைய நூலில் சோர்வின் முதற்படி பெரிய சுமையன்று. திறன் சோதனைகளை மட்டும் தொடும், தாக்குதலைத் தொடாது. புதிய நூலில் ஒவ்வொரு படிக்கும் இருபது முகப் பகடையின் எல்லாச் சோதனைகளிலும் இரண்டு குறையும், நடையும் குறையும். இருமுறை விழுந்து எழுந்தவர் வாளைத் தூக்குவதே வீண். நோட்டில் எழுதியிருந்த வாக்கியத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. ஆனால் அதன் பொருள் மாறிவிட்டது. ஒரு சொல்லின் மதிப்பு அச்சொல்லில் இல்லை, அது நிற்கும் அமைப்பில் இருக்கிறது என்று சொசூரைப் படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதைக் கண்ணால் கண்டது இங்கேதான். மறுபுறம், புதிய நூலில் குணப்படுத்தும் மந்திரங்கள் உருட்டும் பகடைகள் இரட்டிப்பாகியுள்ளன. ஆகவே விழுந்தெழும் கூத்து குறைய வழியில்லை. கிழிசல் அப்படியே இருக்கிறது; ஒட்டு மட்டும் பொருந்தவில்லை. சண்டைக்கு ஒருமுறைதான் சோர்வு ஏறும் என்று தற்காலிகமாக மாற்றியிருக்கிறோம்.

இடையில் இன்னும் ஏழெட்டு விதிகள். யார் தேநீர் வாங்கிவர வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. கடந்து செல்கிறேன்.

கடைசியாக வந்தது மொழி விதி. நோட்டில் நான்கு பக்கம் பிடித்திருப்பது அதுதான். நான் தலையசைக்காததற்குக் காரணமும் அதுதான்.

இவ்விளையாட்டின் உலகில் 'காமன்' என்றொரு பொதுமொழி உண்டு. அதை எல்லோரும் அறிவர். விடுதிக்காரரும் அரசியும் கொள்ளைக்காரரும் அதிலேயே பேசுவர். தொடக்ககாலப் பதிப்புகளில் இதைவிட வேடிக்கையான ஒன்றும் இருந்தது: அறநெறிக்கொரு மொழி. நல்லொழுங்கினர்க்கு ஒன்று, ஒழுங்கற்றவர்க்கு ஒன்று. ஒருவர் மனம் மாறிக் கெட்டவரானால் தாய்மொழி மறந்துபோகும்! நல்லவேளையாக அது பிற்பதிப்புகளில் மறைந்தது. 2014 நூலில், காமனோடு பிறப்பால் வரும் மொழியும் உண்டு. எல்ஃபாகப் பிறந்தால் எல்ஃப் மொழி, குள்ளராகப் பிறந்தால் குள்ளர் மொழி. 2024 நூல் இதைத் திருத்திவிட்டது. காமனும் வேறு இரண்டு மொழிகளும் யாருக்கும் உரியவை, பிறப்போடு முடிச்சில்லை. பட்டியலில் சைகைமொழி ஒன்றும் இடம்பெற்றுள்ளது. இவ்விரண்டையும் மனமாரப் பாராட்டுகிறேன். குருதியில் மொழி ஓடுவதில்லை என்பதை மொழியியல் வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தருகிறோம். ஒரு விளையாட்டு நூல் அதை ஏற்க ஐம்பது ஆண்டு ஆயிற்று.

ஆனால் இரண்டு பிழைகள் அப்படியே நிற்கின்றன. ஒன்று, மொழி தெரியும் அல்லது தெரியாது; இடைநிலை இல்லை. மற்றொன்று, பொதுமொழி என்பது எதையும் சொல்லவல்ல முழுமொழி.

சாந்த்ராகாச்சியில் ஒருவாரம் இருந்தவர் இவ்விரண்டையும் நம்ப மாட்டார். இது தென்கிழக்கு ரயில்வேயின் சந்திப்பு. சென்னைக்கு நேரே போகும் வண்டிகள் இங்கிருந்து புறப்படுகின்றன. மேடையில் தெலுங்கும் ஒடியாவும் போஜ்புரியும் தமிழும் ஒரே நேரத்தில் காதில் விழும். என் வங்காளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் முக்கால்வாசி விளங்கும். பேசினால் கேட்பவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். பேருந்தின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பேருந்து போய்விடும். புகழ்பெற்ற சாந்த்ராகாச்சிச் சேனைக்கிழங்கை விலைபேசி வாங்க என்னால் முடியும். அது நாக்கை அரித்துவிட்டால் மறுநாள் கடைக்காரரோடு முறையாகச் சண்டையிட முடியாது.

ஆகவே எங்கள் நோட்டில் மொழிக்கு மூன்று படிகள். கேட்டால் விளங்கும், பேச வரும், எழுதப் படிக்க வரும். பொதுமொழிக்கு எங்கள் பெயர் 'ஹாட்டேர் பாஷா', அதாவது சந்தைமொழி. அதில் விலை சொல்லலாம், வழி கேட்கலாம், சோறும் தண்ணீரும் கேட்கலாம், ஆபத்தென்று எச்சரிக்கலாம். உடன்படிக்கை செய்ய முடியாது. சத்தியம் செய்ய முடியாது. நயமாகப் பொய் சொல்லவும் முடியாது. அவற்றுக்கு எதிரிலிருப்பவரின் மொழி வேண்டும். இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இது என் கற்பனைச் சரக்கும் அன்று. இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவ்பூரில் 1890இல் பிறந்த சுனிதி குமார் சட்டர்ஜி, வங்காள மொழியின் தோற்ற வளர்ச்சியை 1926இல் இரு பெருந்தொகுதிகளாக எழுதியவர், கொல்கத்தாக் கடைத்தெருவில் பல மாநிலத்தவரும் தமக்குள் பேசிக்கொள்ளும் இந்துஸ்தானியைத் தனியே ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஆண்பால் பெண்பால் வேறுபாடு தேய்ந்து, வினைவடிவங்கள் சுருங்கி, வேலைக்கு வேண்டிய அளவே நின்ற மொழி அது. 'கொச்சை' என்று பலர் ஒதுக்கியதை அவர் ஆய்வுப்பொருளாக மதித்தார். எங்கள் சந்தைமொழி அந்தக் கடைத்தெருவின் பேர்த்தி.

இந்த விதி வந்த கதையைச் சொல்கிறேன். எங்களில் இளையவர் ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறார். வங்காள வழியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்தவர். தொடக்கத்தில் நாங்கள் ஆங்கிலத்தில் ஆடினோம். நூல் ஆங்கிலம், கதைமாந்தர் பேச்சும் ஆங்கிலம். முதல் மூன்று ஞாயிறுகளிலும் அவர் பகடையை உருட்டியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. தம் முறை வந்தால் "தாக்குகிறேன்" என்ற ஒரே சொல். அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். இதை எழுத இன்றும் வெட்கமாக இருக்கிறது. நான்காம் ஞாயிறு, கதை நடத்தும் நண்பர் தற்செயலாகப் படகோட்டி ஒருவர் பாத்திரத்தில் வங்காளத்தில் பேசிவிட்டார். இளையவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பத்து நிமிடம் அந்தப் படகோட்டியோடு பேரம் பேசினார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றிரவே நோட்டில் முதல் வரி எழுதப்பட்டது: யாரும் தம் மொழியில் பேசலாம், மேசையில் ஒருவருக்கேனும் விளங்கினால் போதும், விளங்கியவர் பெயர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த வரியிலிருந்துதான் மூன்று படிகளும் சந்தைமொழியும் பிறந்தன. அதன்பின் ஒருமுறை சதுப்புநிலத்துக் காப்ளின்களோடு பாலம் கடக்க உடன்பாடு வேண்டியிருந்தது. நூலின்படியாயின் எல்லோரும் காமனில் பேசி, ஒரு பகடை உருட்டி, ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். எங்கள் மேசையில் இரண்டு ஞாயிறு ஆயிற்று. காப்ளின் மொழியைப் பேச வந்தது தெலுங்குத் தோழியின் மாந்தருக்கு. கேட்டால் விளங்கியது இளையவரின் மாந்தருக்கு. தோழி வேண்டுமென்றே ஒரு சொல்லை மாற்றிப் பெயர்க்க, அது விளங்கியும் திருத்திப் பேச வாயின்றி இளையவர் தவித்த அந்தத் தவிப்பு, நான்கு ஆண்டுகளில் எங்கள் ஆட்டத்தின் உச்சம் என்று நண்பரே சொல்லியிருக்கிறார்.

நோட்டை மூடுவோம் என்று பேச்சு வந்த அன்று, படியிறங்கும்போது இளையவர் என்னிடம் கேட்டது இதுதான்: "திதி, புதிய புத்தகத்தில் வங்காளத்தில் பேசலாமா?"

புத்தகம் அதைத் தடுக்கவில்லை, அனுமதிக்கவும் இல்லை. எந்த மொழியில் ஆடுவது என்பது அதற்கு ஒரு கேள்வியாகவே தோன்றியிருக்காது. ஆறு மாதம் நூலில் உள்ளபடியே ஆடுவோம் என்று சொல்பவர் மருந்துக் குப்பியையும் சோர்வையும் மனத்தில் வைத்துச் சொல்கிறார். ஆனால் அந்த ஆறு மாதத்தில் மேசை மெல்ல ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. புதிய நூல் கையில் இருக்கும்போது எல்லோரும் அதன் சொற்களையே பேசுவோம். ஐயம் வந்தால் பக்கத்தைப் புரட்டி உரக்கப் படிப்போம். அந்நேரத்தில் யார் மீண்டும் "தாக்குகிறேன்" என்ற ஒரு சொல்லுக்குள் ஒடுங்குவார் என்பது எனக்குத் தெரியும். எது குறைகிறதென்று பிறகு தெரியும் என்றாரே, குறைந்தவர் அதற்குள் வருவதை நிறுத்தியிருப்பார்.

மொழி விதியால் ஆட்டம் மெதுவாகிறது என்ற குற்றச்சாட்டு உண்மை. கதை நடத்துபவருக்குச் சுமை அதிகம் என்பதும் உண்மை. ஒவ்வொரு விடுதிக்காரருக்கும் எந்த மொழி எந்தப் படி என்று அவர் யோசிக்க வேண்டும். அந்தச் சுமையில் பாதியை நான் ஏற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். புதிய நூல் பிறப்பிலிருந்து மொழியை விடுவித்ததை அப்படியே எடுத்துக்கொள்கிறோம்; எங்கள் பழைய பட்டியலில் அந்தத் தவறு இருந்தது. சைகைமொழிக்கும் மூன்று படிகள் உண்டா என்று இன்னும் முடிவாகவில்லை. எழுத்துப் படி அதற்குப் பொருந்தாதென்பது என் கருத்து.

இன்னொரு வேலையும் தொடங்கியிருக்கிறது. 2023 ஜனவரியில் பதிப்பகம் பழைய உரிம ஒப்பந்தத்தை மாற்ற முயன்று, ஆட்டக்காரர்களின் பெரும் எதிர்ப்புக்குப் பின் அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. 2025 ஏப்ரலில் புதிய பதிப்பின் தொகுப்பும் அவ்வாறே வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம். இளையவர் சண்டை விதிகளை வங்காளத்தில் எழுதத் தொடங்கிவிட்டார். நான் அதே பக்கங்களைத் தமிழில். 'துணைச் செயல்', 'உயிர்ப்புள்ளி' என்று இப்பதிவில் நான் ஆளும் சொற்கள் அங்கிருந்து வந்தவையே. இதைவிட நல்ல சொற்கள் உங்களிடம் இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். குறிப்பாக இருபது முகப் பகடைக்கு ஒரு பெயர் வேண்டும்.

வரும் ஞாயிறு வாக்கெடுப்பு. நோட்டின் மொழிப் பக்கங்கள் நான்கையும் புதிய நோட்டில் முதல் பக்கத்திலிருந்து படியெடுத்து வைத்திருக்கிறேன், இம்முறை மூன்று மொழிகளிலும். கதை நடத்தும் நண்பர் நேற்றிரவு குறுஞ்செய்தி அனுப்பினார்: புதிய அரக்கர் நூலில் சதுப்புநிலக் காப்ளின்களுக்கு யார் வாயில் எந்த மொழி வைப்பது என்று பட்டியல் போட்டுத் தரவும், அதுவும் சனிக்கிழமைக்குள்.